பிழைச்சானான்னு கேக்காதல

ஏலே பேராண்டி, அமெரிக்காக்காரன் படம் ஒண்ணைப் போன்ல வச்சுக்கிட்டு "தாத்தா, இவன் பிழைச்சானா, பிழைச்சானா"ன்னு காலையில இருந்து உசிரை வாங்குத. உக்காரு, சொல்லுதேன்.

சின்னப் படகுல துடுப்புப் போடுத மீன்பிடிக்காரன், தூரத்துல மூடுபனி; இது வின்ஸ்லோ ஹோமர்ங்கிற ஓவியரு 1885ல வரைஞ்சது. மெய்ன் கடற்கரையில ப்ரௌட்ஸ் நெக்குன்னு ஒரு இடம், அங்கதான் அவருக்குக் குடியிருப்பு. முதல்ல வச்ச பேரு 'ஹாலிபட் பிடிப்பு'. அப்படியே விட்டிருந்தா, மீனு எத்தனை கிலோன்னு கேட்டுட்டு நீ சாப்பிடப் போயிருப்ப. மனுசன் 'மூடுபனி எச்சரிக்கை'ன்னு மாத்தினாரு, உனக்குத் தூக்கம் போச்சு.

படகோட பின்பக்கம் பாரு, ரெண்டு ஹாலிபட், நல்ல கனம். 'அதைத் தூக்கிக் கடல்ல போட்டுட்டு வெரசா துடுப்புப் போடலாம்ல'ன்னு சொல்லுவ. கட்டில்ல படுத்துக்கிட்டுச் சொல்ல நல்லாத்தான் இருக்கும். அந்தக் காலத்து மீன்பிடிக்காரனுக்கு மாசச் சம்பளம் ஏதுல? பிடிச்சதுல பங்கு, அவ்வளவுதான். ஸ்கூனர் கப்பல் தூரத்துல நிக்கும். டோரிங்கிற சின்னப் படகை இறக்கி, ஒருத்தரோ ரெண்டு பேரோ போயி, வரிசையா முள்ளு கட்டுன நீளக் கயித்தைப் போட்டு இழுக்கணும். திரும்புறதுக்குள்ள பனி மூடிட்டா கப்பல் எந்தத் திசைன்னே தெரியாது. கொம்பு ஊதுவாங்க, சத்தம் எங்கேயிருந்து வருதுன்னு பிடிபடணுமே. அதான் இவன் தலையைத் திருப்பி, கப்பல் எவ்வளவு தூரம், பனி எவ்வளவு வேகம்னு கணக்குப் போடுதான். கை துடுப்பை விடலை, கவனிச்சியா? நீ கேள்வி கேக்கும்போது கையில என்ன வேலை வச்சிருக்க?

ஒரு ரகசியம் சொல்லட்டா? மாடலா இருந்தவன் கால் நனையலை. டோரியை மணல்மேட்டுல சாய்ச்சு வச்சு, அதுல உக்கார வச்சுத்தான் வரைஞ்சாரு. அவன் பத்திரமா வீடு போயிச் சேந்துட்டான். திருப்தியா? இல்லைல்ல?

அதே வருசம் இன்னொண்ணும் போட்டாரு. டோரியில ரெண்டு பேரு, பனிக்குள்ள எட்டி எட்டிப் பாக்காங்க, கப்பலையே காணோம். அதை 1998ல பில் கேட்ஸ் மூணு கோடி டாலருக்கு மேல குடுத்து வாங்கினதாப் பேச்சு. அம்புட்டுக் குடுத்தவருக்கே முடிவு தெரியலை. நீ ஓசியில பாத்துட்டுக் கேக்க.

1899ல 'வளைகுடா நீரோட்டம்'னு ஒண்ணு. பாய்மரம் ஒடிஞ்ச படகுல ஒரு கறுப்பினத்து ஆளு, சுத்திச் சுறா. பாத்த சீமாட்டிகளுக்கும் உன்னை மாதிரியே பதறிப்போச்சு. அவன் மீட்கப்பட்டு, வீடு திரும்பி, நல்லா வாழுவான்னு சொல்லிருங்கன்னு படம் விக்கிறவருக்குக் காயிதம் எழுதிவிட்டாரு ஹோமர். குசும்பு பிடிச்ச மனுசன். ப்ரௌட்ஸ் நெக்குல ஆளுக வந்து தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு, பாம்பு பாம்பு எலின்னு பலகை எழுதி வச்சவராச்சே. நீ போயிருந்தா, எந்தப் பாம்பு எலியைத் தின்னுச்சுன்னு கதவைத் தட்டிக் கேட்டிருப்ப.