சென்னையிலிருந்து சென்னைக்கு 38 நிமிடம்: வான்வழித் தூரம் குறித்த ஓர் ஆய்வு

சென்னைக்கும் திருச்சிக்கும் வான்வழித் தூரம் சுமார் 290 கிலோமீட்டர். விமான அட்டவணை அதற்குக் கேட்கும் நேரம் ஏறத்தாழ ஒரு மணி. சென்னைக்கும் டெல்லிக்கும் சுமார் 1,760 கிலோமீட்டர். நேரம் 2 மணி 50 நிமிடத்தை ஒட்டி வரும். தூரம் ஆறு மடங்கு ஏறியும் நேரம் மூன்று மடங்குகூட ஏறவில்லை. இதைக் கண்டும் காணாமல் போவது புலமைக்கு அழகன்று. கூடுதலான 1,470 கிலோமீட்டரை விமானம் 110 நிமிடத்தில் கடக்கிறது. நிமிடத்துக்கு 13 கிலோமீட்டர் சொச்சம். அந்தக் கணக்குப்படி திருச்சிக்கு 22 நிமிடம் போதும். மீதி 38 நிமிடம் தூரத்தோடு ஒட்டும் உறவும் இல்லாதது. தூரத்தை அடியோடு துடைத்தாலும் அது நிற்கும். ஆகவே, சென்னையில் ஏறிச் சென்னையிலேயே இறங்க ஒரு விமானம் விட்டால், அது போய்ச்சேர 38 நிமிடம் பிடிக்கும் என்பது இவ்வாய்வின் துணிபு.

அந்த 38 நிமிடம் போகும் இடங்களும் தெரிந்தவையே. இழுவை வண்டி விமானத்தைப் பின்னுக்குத் தள்ளுவது முதல், சேர்ந்த ஊரில் சக்கரத்துக்குக் கட்டை முட்டுக்கொடுப்பது வரை அனைத்தும் பயண நேரத்தில் அடக்கம். ஓடுதளம் வரை ஊர்வதும், முன்னே நிற்கும் விமானங்களுக்குப் பின்னால் வரிசை காப்பதும் அதில் சேரும். மேலே கிளம்பினாலும் நேரே போக முடியாது. விமானம் காற்றை எதிர்த்தே ஏற வேண்டும். கடற்காற்று வீசும் வேளையில், தென்மேற்கிலுள்ள திருச்சிக்குப் புறப்பட்டது முதலில் வங்காள விரிகுடாவை நோக்கிப் பாய்கிறது. திருச்சியிலும் கீழ்க்காற்று அடித்தால், நிலையத்தைத் தாண்டி மேற்கே போய்த் திரும்பி, வந்த திசையைப் பார்த்து இறங்க வேண்டும். 10,000 அடிக்குக் கீழே மணிக்கு சுமார் 460 கிலோமீட்டர் என்ற வேகக் கட்டுப்பாடு வேறு.

அற்றேல், திருச்சிக்குப் பறப்பது விசிறி வைத்த ஏடிஆர் விமானம், அதன் மெதுநடையை ஜெட்டோடு ஒப்பிடலாமா எனத் தடை எழுப்புவார் உளர். பெங்களூர் 270 கிலோமீட்டர்தான்; அங்கே ஏர்பஸ் ஜெட் போயும் ஒரு மணி நேரம் கேட்கிறது என்பது விடை. தாமதப் பழிக்கு அஞ்சி நிறுவனங்கள் நேரத்தைக் கூட்டிப் போடுகின்றன என்பது இரண்டாம் தடை. மெய்யே, ஆனால் அந்தக் கூட்டலும் பெரும்பாலும் தரையில் காத்திருப்பதை எண்ணிப் போட்டதே, எனவே அவர்கள் நம் கட்சிக்கே சாட்சி சொல்கிறார்கள். மூன்றாம் தடைதான் வலியது. ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளில், வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு 2.7 கிலோமீட்டர், லோகன்ஏர் நிறுவனம் 1967 முதல் அங்கே விமானம் விடுகிறது. அட்டவணை நேரம் இரண்டே நிமிடம். 53 விநாடியில் முடிந்ததும் உண்டு. நம் சூத்திரப்படி அது 38 நிமிடத்தைத் தாண்ட வேண்டுமே? அங்கே பறப்பது எட்டுப் பேர் ஏறும் ஐலண்டர். சிறு ஓடுதளத்தில் வரிசையும் இல்லை, இழுவை வண்டிக்கும் வேலையில்லை. நிலையம் சுருங்கியதும் 38 நிமிடமும் மறைந்துவிட்டது. சூத்திரத்தைக் கவிழ்க்க வந்த சான்று அதற்கே தூணாயிற்று.

முடிபு: இரு ஊர்களுக்கு நடுவிலுள்ள தூரத்தின் பெரும்பகுதி அவற்றின் விமான நிலையங்களில் கிடக்கிறது. திருச்சிக்கு விரைந்து போக நினைப்பவர்களே, வேகமான விமானம் கேட்டு மனுப் போடாதீர்கள். சின்ன விமான நிலையம் கேளுங்கள்.