உதறும் ஈ, தள்ளாடும் மனிதன்

கேள்வி: பரம்பரை நரம்பு நோயை ஆராய்கிறோம் என்று ஈ வளர்க்கிறார்களாமே? ஈக்கும் நமக்கும் என்ன ஒட்டு உறவு?

பதில்: நீங்கள் நினைப்பதைவிட நெருங்கிய சொந்தம். மனித நோய்களோடு தொடர்புள்ள மரபணுக்களில் சுமார் 75 சதவீதத்துக்கு ஈயிடம் ஜோடி உண்டு. சாப்பாட்டில் உட்காரும் ஈ அல்ல. கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றுமே, அந்தப் பொடி ஈ. பத்தே நாளில் முட்டை முழு ஈயாகிவிடும். ஒரு மாதத்தில் பேரன் பேத்தி பார்த்துவிடலாம்.

ஈதர் கொடுத்து மயக்கியும் சில ஈக்கள் மட்டும் காலை உதறிக்கொண்டே கிடந்தன. ‘ஷேக்கர்’ என்று பெயர் வைத்தார்கள். 1987இல் அந்த உதறலுக்குக் காரணமான மரபணுவைப் பிரித்துப் பார்த்தால், நரம்பணுவில் பொட்டாசியம் வெளியேறும் வாசலுக்கான குறிப்பு அதில் இருந்தது. வாசல் திறக்காவிட்டால் நரம்பு லேசில் அடங்காது. நம்மிடம் உள்ள அதன் ஜோடி பழுதானால் திடீர் திடீரென்று தள்ளாட்டம் வரும் என்பது 1994இல் தெரிந்தது. குடிக்காமலே தள்ளாட்டம், பாவம்!

1998இல் ஆராய்ச்சியாளர் நான்சி போனினி குழுவினர் இன்னொரு தள்ளாட்ட நோயின் மனித மரபணுத் துண்டை ஈயின் கண்ணில் வேலை செய்ய விட்டார்கள். கண் சிதைந்தது. ஏன் கண்? குருட்டு ஈயும் குப்பிக்குள் தின்று, முட்டையிட்டு, சௌக்கியமாக இருக்கும்.

இப்படி நோய் வந்த ஈக்களிடம் மருந்தைச் சோதிக்கலாம். ஈயிடம் பலித்த மருந்து நம்மிடமும் பலிக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆனால் பரிசோதனை சுலபம். குப்பியைத் தட்டினால் நல்ல ஈ நொடியில் சுவரேறும்; நோயாளி ஈ அடியிலேயே தடுமாறும். டாக்டர் நம் முட்டியைத் தட்டுகிற மாதிரிதான். ஈக்கு ஃபீஸ் கிடையாது!