தடவிக்கொடுக்கும் கைங்கரியம்

ஸ்ரீரங்கத்தில் பூனையைப் பற்றி வாயைத் திறப்பதற்கு முன்னால், யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறோம் என்று பார்த்துக்கொள்வது நல்லது. மற்ற ஊர்களில் பூனை என்றால் பால் திருடும் பிராணி. இங்கே அது ஒரு சித்தாந்தம்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். குரங்குக்குட்டி தாயின் வயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். தாய் கிளைக்குக் கிளை தாவும்போது பிடி நழுவாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது குட்டியின் பாடு. பகவானைச் சரணடைகிறவனும் அப்படித்தான் தன் பங்குக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்பது மர்க்கட நியாயம், வடகலையார் கட்சி. பூனைக்குட்டியோ ஒன்றும் செய்வதில்லை. தாயே வந்து பிடரியைக் கவ்வித் தூக்கிக்கொண்டு போகிறது. இது மார்ஜார நியாயம், தென்கலையார் கட்சி. பிள்ளை லோகாசாரியாரும் அவருக்குப் பின்னால் மணவாள மாமுனிகளும் இதே ஸ்ரீரங்கத்தில் இருந்துகொண்டு, அவன் கிருபையைத் தடுக்காமல் இருந்தால் போதும் என்று சொன்னவர்கள். வேதாந்த தேசிகரும் இதே ஊரில் வாழ்ந்தவர்தான். ஆக வாதத்துக்குக் குறைவில்லை.

எங்கள் வீட்டுக்கு வந்துபோகும் பூனை பிள்ளை லோகாசாரியாரின் ஸ்ரீவசனபூஷணம் படித்ததில்லை. ஆனால் அனுஷ்டானத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. காலையில் நான் பேப்பரை விரித்ததும் வந்து தலைப்புச் செய்தியின் மேல் படுத்துக் கண்ணை மூடிக்கொள்ளும். அதன் தரப்பிலிருந்து அவ்வளவுதான். கழுத்தைச் சொறிவது, தாடையைத் தடவுவது, காதடியை நீவிவிடுவது எல்லாம் என் பொறுப்பு. ரங்கன் என்று பெயர் வைத்தது என் மனைவி. எங்கள் தெருவில் நின்று "ரங்கா!" என்று குரல் கொடுத்தால் பால்காரர் முதல் பட்டாசாரியார் வரை திரும்பிப் பார்ப்பார்கள். பூனை மட்டும் திரும்பாது.

"முழங்காலுக்குத் தைலம் தேய்ச்சு விடுங்கோன்னா உங்களுக்குக் கை வலிக்கறது. அதுக்கு மட்டும் முக்கால் மணி தடவறேளே!" என்பது மனைவியின் குற்றச்சாட்டு. பதில் சொல்ல எனக்கு வழியில்லை.

எதிர்வீட்டு மாமாதான் பேச்சை வேறு பக்கம் திருப்பினார். அவர் வடகலை. "மார்ஜார நியாயம், முயற்சியே வேண்டாம்னு எல்லாம் பேசறேளே, நான் தினம் பாத்துண்டுதான் இருக்கேன். அது வாலைத் தூக்கிண்டு வரது, கத்தறது, உம்ம காலைச் சுத்தி ரெண்டு பிரதட்சிணம் பண்றது. அப்பறம்தானே நீர் தடவறீர்? அதான் ஓய், வியாஜம்! ஏதோ ஒரு சாக்கு வேண்டியிருக்கா இல்லையா?"

மாமாவுக்குத் தெரியாது, ஆனால் சுவிட்சர்லாந்து அவர் பக்கம். ஜூரிச்சில் டென்னிஸ் டர்னர் என்பவர் வீடுவீடாகப் பூனைகளையும் மனிதர்களையும் கவனித்துவிட்டு 1990-களில் எழுதியது இது: நாமாகப் போய்க் கொஞ்சினால் சமாசாரம் சீக்கிரம் முடிந்துவிடும். பூனை தானாக வந்து ஆரம்பித்தால் நீண்ட நேரம் நடக்கும். இதை நான் மாமாவிடம் சொல்லவில்லை. சொன்னால் தெருமுனை வரை கேட்கும்.

சரி, தடவிக்கொடுத்தால் அதற்கு ஏன் அவ்வளவு பிடிக்கிறது? கண் திறக்காமல்தான் பூனைக்குட்டி பிறக்கிறது. காதும் அப்போது சரியாகக் கேட்காது. பிறந்த சில நாட்களுக்கு அதற்குத் தெரிந்த உலகம் தாயின் சூடும் நாக்கும்தான். அந்தச் சொரசொரப்பான நாக்கு நக்கிவிட்டால்தான் உடம்பு சுத்தமாகும். வயிற்றடியில் நக்கிவிட்டால்தான் குட்டிக்கு மூத்திரமே போகும். பசி, குளிர், அவஸ்தை எல்லாவற்றுக்கும் பரிகாரம் முடியின் மேல் அழுத்தமாக ஓடும் அந்த ஒரு நாக்கு. பிற்பாடு நம் கை அதே வேகத்தில், அதே திசையில் முதுகில் ஓடும்போது பூனை அதைக் கை என்று எடுத்துக்கொள்வதில்லை. கொஞ்சம் பெரிய சைஸ் அம்மா என்றே எடுத்துக்கொள்கிறது. வாலைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு வருவது குட்டி தாயிடம் வரும் விதம். மடியில் ஏறி முன்னங்கால்களால் மாற்றி மாற்றிப் பிசைவது பால் குடிக்கும்போது மடியைப் பிசைந்த பழக்கம். நம் வேட்டி பாழாவதைப் பற்றி அதற்குக் கவலையில்லை.

காட்டில் இருக்கும் மூலப் பூனை, ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை, வளர்ந்த பிறகு இப்படி யாரிடமும் குழைவதில்லை. ஏறக்குறைய 10,000 வருஷங்களுக்கு முன்னால் மேற்காசியாவில் மனிதன் தானியம் சேர்த்தான். தானியத்துக்கு எலி வந்தது, எலிக்குப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் 9,500 வருஷத்துப் புதைகுழி ஒன்றில் மனித எலும்புக்கூட்டுக்குப் பக்கத்திலேயே பூனையின் எலும்புக்கூடு கிடைத்ததாக 2004-இல் அறிவித்தார்கள். எலி பிடிக்க வந்த ஆசாமி, இங்கே ஆயுசு முழுக்கக் குழந்தையாகவே இருந்துவிடலாம் என்று கண்டுகொண்டது அப்போதாகத்தான் இருக்க வேண்டும்.

தாய் வேஷம் கட்டுவது நம் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. காவிரியைத் தாண்டினால் மலைக்கோட்டையில் தாயுமானவர். நிறைமாதமாக இருந்த ரத்தினாவதிக்குப் பிரசவம் பார்க்கக் கிளம்பிய அம்மா, காவிரியில் வெள்ளம் என்று அக்கரையிலேயே நின்றுவிட, சிவபெருமானே அந்த அம்மாவின் உருவத்தில் வந்து பிரசவம் பார்த்தார் என்பது தலபுராணம். அங்கே வெள்ளம் வடிந்ததும் நிஜ அம்மா வந்து சேர்ந்தாள், ஸ்வாமிக்கு விடுதலை. இக்கரையில் ரிட்டயரான குமாஸ்தாக்களைத் தாயாக்கி வைத்திருக்கும் பூனைகளின் நிஜ அம்மாக்கள் எந்த வெள்ளம் வடிந்தும் வருவதாகக் காணோம்.

தோலுக்கும் இதில் பங்கு உண்டு. முடியுள்ள தோலில், மெதுவாகத் தடவுவதை மட்டும் மூளைக்குச் சொல்லும் தனி நரம்புகள் இருக்கின்றன. பூனையின் சுகத்தைப் பற்றி எழுதச் சுண்டெலியைச் சாட்சிக்கு இழுக்க வேண்டியிருக்கிறது, என்ன செய்ய? 2013-இல் கலிபோர்னியாவில் சுண்டெலிகளிடம் அப்படிப்பட்ட நரம்பணுக்களைக் கண்டுபிடித்தார்கள். கிள்ளினாலும் குத்தினாலும் அவை அசையவில்லை, தடவினால் மட்டும் விழித்துக்கொண்டன. மருந்தால் அவற்றைத் தூண்டிய அறையையே எலிகள் மறுபடி தேடிப் போயின.

இன்னொரு காரணம் அவ்வளவு கௌரவமானதல்ல. பூனைக்குக் கன்னத்திலும் தாடையிலும் நெற்றியிலும் வாசனைச் சுரப்பிகள் உண்டு. அங்கே நாம் தடவும்போது அதன் வாசனை நம் கையில் ஏறுகிறது. பாசத்தில் உரசுகிறது என்று நாம் உருகிக்கொண்டிருக்க, அது நம்மைத் தன் பெயருக்குப் பட்டா மாற்றிக்கொண்டிருக்கிறது.

ஆனால் எங்கே தடவுகிறோம் என்பதில் ஆசாரம் உண்டு. இங்கிலாந்தில் லிங்கன் பல்கலைக்கழகத்தார் பூனைகளின் உடம்பை இடம் இடமாகத் தடவிப் பார்த்து 2015-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வால் அடிப்பகுதியில் கை வைத்தால்தான் அதிக எரிச்சல். கருமண்டபத்திலிருந்து வந்த என் மைத்துனர் அந்தக் கட்டுரையைப் படிக்கவில்லை. வால் பக்கமாக ஆரம்பித்தார். பொரிச்ச கூட்டு சாப்பிட வந்தவர், ஊசி போட்டுக்கொள்ளப் போனார்.

பிடரியைப் பிடித்துத் தூக்கலாமே, ஆசாரியர்களே சொல்லியிருக்கிறார்களே என்று யாரும் கிளம்ப வேண்டாம். பிடரியைக் கவ்வினால் குட்டி தொய்ந்துபோவது நிஜம். 2008-இல் ஒஹாயோவில் பிடரியில் கிளிப் மாட்டிப் பார்த்தபோது வளர்ந்த பூனைகளில் பலவும் அசையாமல் அடங்கின. ஆனால் அதைத் தூக்குவது வேறு விஷயம். நாலு கிலோ உடம்பைப் பிடரித் தோலில் தொங்கவிட்டால் வலிக்கும், பயப்படும். ஆசாரியர்கள் குட்டி என்றுதான் சொன்னார்கள்.

ஸ்ரீரங்கம் பூனைக்குக் காட்டிய மரியாதையில் இன்னொன்று பாக்கி இருக்கிறது. கம்பர் ராமாயணத்தை அரங்கேற்றியதாகச் சொல்லும் மண்டபம் தாயார் சன்னதிக்கு எதிரில் இருக்கிறது. பாற்கடலை முழுக்க நக்கிக் குடித்துவிடப் பார்க்கும் பூனைதான் நான் என்று அவையடக்கத்தில் சொல்லிக்கொண்டவர் அவர். பண்டிதர்கள் ஆட்சேபித்தபோது, பக்கத்தில் உயரத்தில் எழுந்தருளியிருக்கும் நரசிம்மர், மேட்டழகிய சிங்கர், தலையசைத்து ஒப்புக்கொண்டார் என்பது ஐதீகம். சிங்கமும் பூனைக் குடும்பம்தான். குடும்பப் பெரியவர் சிபாரிசு இல்லாமல் எந்தக் காரியம் நடந்திருக்கிறது?

ரங்கனுக்கு நாங்கள் போடுவது தயிர்சாதம். அது வந்து சேர்வதற்கு முன்னால் எங்கேயோ பல்லி, எலி என்று முடித்துக்கொண்டு வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. மாமிசம் இல்லாமல் பூனையின் உடம்பு நிற்காது. அதன் சைவம் எங்கள் வாசற்படி வரைக்கும்தான்.

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். பூனையைத் துரத்திக்கொண்டு போகாதீர்கள். கையைத் தாழ்த்தி நீட்டிவிட்டுச் சும்மா இருங்கள். வந்து முட்டினால் கன்னம், தாடை, காதடி, அவ்வளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நடுவில் கையை எடுத்துப் பாருங்கள், மறுபடி முட்டினால் தொடரலாம். மல்லாந்து வயிற்றைக் காட்டினால் உங்களை நம்புகிறது என்று அர்த்தம், தொடச் சொல்கிறது என்று அர்த்தமில்லை. வால் பக்கம் போகவே போகாதீர்கள். மீறிப் போய்க் கீறல் பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசிக்குப் போங்கள். போகிற வழியில் பூனையைத் திட்டாதீர்கள்.