பாட்டி காலத்துக் கல்யாணம், இந்தக் காலத்து விலையில்

ரெட்ரோ கல்யாணத்துக்கு முதல் தகுதி, ரப்பர் தோட்டத்தை விட்டு வெளியேறி இருபது வருஷமாவது ஆகியிருக்க வேண்டும். இன்னும் லயத்தில் இருப்பவர்களுக்கு ஏர்கான் மண்டபம்தான் கனவு. நீங்கள் மலாக்கா கிளேபாங்கில் வீடு வாங்கி, ஞாயிறு மாலை தேங்காய் ஷேக்குக்கு வரிசையில் நிற்பவரா? தாராளமாக ஆரம்பிக்கலாம்.

பந்தல் தென்னை ஓலையில்தான் இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் லயமே முதல் நாள் ராத்திரி திரண்டு வந்து கட்டிவிட்டுப் போகும்; கூலி சாப்பாடும் கொஞ்சம் கள்ளும். இப்போது அலங்காரக்காரர் கட்டுவார். அவர் கள்ளுக்கு மசியமாட்டார், பாதிப் பணம் முன்கூட்டியே வேண்டும்.

காருக்கு மோரிஸ் மைனரைத் தேடி அலையாதீர்கள். 1985இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவே இப்போது பழசுதான். பெரியப்பா வீட்டுக் கொல்லையில் ஒன்று நிற்கிறதா பாருங்கள். பெச்சாவில் ஊர்வலம் என்றால் அதில் மாட்டியிருக்கும் பிக்காச்சு பொம்மையைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். பாட்டுச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிப் பயனில்லை.

கருப்பு வெள்ளைப் படத்தில் மாப்பிள்ளை நாற்காலியில் உட்காரணும், பெண் பக்கத்தில் நிற்கணும், இருவரும் சிரிக்கவே கூடாது. கிளேபாங் கடற்கரைப் பக்கம் எடுத்தால், காட்சிக்கு வைத்திருக்கும் பிரெஞ்சு நீர்மூழ்கிக் கப்பல் பின்னால் விழலாம். விழட்டும். 1978இல் சேவைக்கு வந்தது, அதுவும் ரெட்ரோதான்.

திருமணப் பதிவை மட்டும் தேசியப் பதிவுத் துறையில் (ஜேபிஎன்) ஒழுங்காகச் செய்துவிடுங்கள். தாலி கட்டினால் போதும் என்ற காலம் 1982 மார்ச் 1ஆம் தேதியோடு முடிந்தது.

மேசை அலங்காரத்துக்கு எனாமல் மங்கு, ரப்பர் பால் வாளி. ஜோங்கர் தெருப் பழம்பொருள் கடைகளில் ஏறி இறங்குங்கள். அந்த விலைக்குப் பாட்டி எத்தனை நாள் பால்மரம் வெட்டியிருக்க வேண்டும் என்று கணக்குப் பார்க்காதீர்கள். வாளி நிறைய வெள்ளை ரோஜா வைத்தால் படத்தில் பிரமாதமாக வரும்.

எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் அப்படித்தான் வைத்தோம். பாட்டி உள்ளே வந்தார், வாளியருகே நின்றார், சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஏன்டா, இதுல ஒட்டுப்பால் நாத்தம் போவவே போவாதே. கழுவுனியா?"

மங்கைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "நம்ம கருப்பனுக்குச் சோறு வைக்கிறது இதுலதான்!"

கருப்பன், லயத்து நாய்.