இடைவெளிக்கு மன்னிப்பில்லை

சிஸ்கோவின் சிசிஐஇ செக்யூரிட்டி என்ற நிபுணர் பட்டத்துக்கான லேப் தேர்வுக்குப் பெங்களூர் ரயிலேறப் போகும் தம்பி தங்கைகளே! கட்டணம் 1,600 டாலருக்குக் குறையாது. ரூபாயில் ஒன்றேகால் லட்சத்தைத் தாண்டும். இவ்வளவு கட்டுகிறவர்களுக்கு எட்டு மணி நேரத்தில் ஒரு நிமிடமும் வீணாகக் கூடாதே! அதனால் சில உபாயங்களை இலவசமாகவே சொல்லிவிடுகிறேன்.

முதல் மூன்று மணி நேரம் வடிவமைப்புப் பகுதி. மின்னஞ்சல்களையும் வரைபடங்களையும் படித்து விடை சொல்ல வேண்டும். தாண்டிய கேள்விக்குத் திரும்ப வழியில்லை. படித்தோமா, முடிவெடுத்தோமா, நகர்ந்தோமா என்றிருங்கள். பின்னால் மனசு உறுத்தினால் உறுத்தட்டும்.

அடுத்த ஐந்து மணி நேரம் கருவிகளோடு மல்லுக்கட்டு. கேள்விகள் முழுவதையும் முதலில் ஒருமுறை படித்துவிட்டு, மெதுவாக வேலை செய்யும் பெட்டிகளை முன்னால் கிளப்பிவிடுங்கள். ஃபயர்வால் மேலாண்மை மென்பொருளில் டிப்ளாய் பொத்தானை அழுத்திவிட்டு, பட்டை நகர்வதை வாய் பார்க்காதீர்கள். அதற்குள் ரவுட்டரில் ஒரு விபிஎன் சுரங்கத்தை முடித்துவிடலாம். சுணக்கம் அவர்கள் பொருளுடையது. கரையும் நேரம் உங்களுடையது.

திரும்பத் திரும்ப வரும் கட்டளைகளை நோட்பேடில் ஒருமுறை அடித்து, பெயர்களை மட்டும் மாற்றி ஒட்டுங்கள். ஆனால் விபிஎன் சாவியின் வால் பக்கம் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்ததோ, போச்சு. கண்ணுக்குத் தெரியாத அந்த வெற்றிடத்தால் சுரங்கம் எழும்பாது. கேட்டதில் முக்கால்வாசி சரியாக இருந்தாலும் அந்தக் கேள்விக்குப் பூஜ்யம்தான். பாதி மதிப்பெண் என்ற பேச்சே அங்கே கிடையாது.

ஒவ்வொரு பணி முடிந்ததும் சேமியுங்கள். சேமிக்காத பெட்டி மறுதொடக்கம் ஆனால் உழைப்பெல்லாம் காற்றோடு போகும்.

இவற்றையெல்லாம் மிஞ்சிய உபாயம் ஒன்று உண்டு. தேர்வு நடத்துகிறவர்களே கையாள்வது அது. கடவுச்சொல்லை முன்கூட்டியே பொருளுக்குள் எழுதி வைத்துவிடுவது!

2023 அக்டோபரில், அவசர அழைப்பு எங்கிருந்து வருகிறது என்று காட்டும் சிஸ்கோ மென்பொருளில், முழு அதிகாரமுள்ள ரூட் கணக்குக்கு மாற்றவும் அழிக்கவும் முடியாத கடவுச்சொல் உள்ளேயே இருந்தது தெரியவந்தது. 2025 ஜூலையில் அதே கதை, அவர்களுடைய தொலைபேசி மேலாண்மை மென்பொருளின் சில பதிப்புகளில். உருவாக்கும் காலத்துக்கென ஒதுக்கியதாம், நீக்காமல் விட்டுவிட்டார்கள். அபாய அளவுகோலில் பத்துக்குப் பத்து. முழு மதிப்பெண் வாங்குவது எப்படி என்று இவர்களிடம்தான் கற்க வேண்டும்.

சிஸ்கோவின் ஏஎஸ்ஏ ஃபயர்வாலின் ஓட்டைகள் வழியே ஆட்கள் புகுந்தது 2025 செப்டம்பரில் தெரியவந்தது. தேர்வுக்காக நம் பிள்ளைகள் கண்விழித்துப் பழகுகிறார்களே, அதே ஏஎஸ்ஏ. அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு, தன் துறைகளுக்கு அவசர ஆணையிட்டு, மறுநாள் இரவுக்குள் முதல்கட்ட வேலையை முடிக்கச் சொன்னது. புகுந்தவர்கள் சில பழைய மாடல்களில் தொடக்க நினைவகத்திலேயே கைவைத்திருந்தார்கள். மறுதொடக்கம் செய்தாலும், மென்பொருளைப் புதுப்பித்தாலும் போகாதபடி! சேமிப்பது எப்படி என்ற பாடத்தில் அவர்களை யாரும் தோற்கடிக்க முடியாது.

சாவியின் வாலில் ஓர் இடைவெளி விட்ட பையனுக்குப் பூஜ்யம், பணமும் திரும்பாது. ரூட் கடவுச்சொல்லையே விட்டுவைத்த நிறுவனத்துக்கு ஓர் அறிவிக்கை, ஒரு திருத்தம், அதோடு கணக்கு தீர்ந்தது. அந்தத் திருத்தத்தை நள்ளிரவில் உட்கார்ந்து ஏற்றுகிறவன் யார்? அதே பையன்தான். காலையில் வாடிக்கையாளரிடம் திட்டு வாங்குகிறவனும் அவனே.

நாம் நிபுணர் என்பதை மூன்றாண்டுக்கு ஒருமுறை நிரூபித்தாக வேண்டும். தவறினால் பட்டம் பறிபோகும். நல்ல விதி, எனக்கு அதில் புகாரில்லை. அதே விதியைப் பெட்டி விற்கிறவர்களுக்கும் வையுங்கள். பெட்டியைச் சந்தைக்கு அனுப்பும் முன் அவர்களும் எட்டு மணி நேரம் உட்காரட்டும். பாதி மதிப்பெண் கூடாது. ஓர் இடைவெளி தவறினாலும் பூஜ்யம் போடுங்கள். கட்டணத்தை இந்தமுறை நாம் வசூலிப்போம்.