புது சர்வரும் பழைய ஆபீஸும் ஒத்துப்போகாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

முதலில் சர்வரை மட்டும் வாங்குங்கள். கோப்புகளைப் பகிரும் அந்த ஷேர்பாயின்ட் சர்வர் ஒரே பில்லில் வந்து இறங்கும், எம்.டி. ஒரே கையெழுத்தில் முடித்துவிடுவார், சந்தனம் வைத்துப் பூஜை போட்டு லட்டும் கொடுக்கலாம். மேஜைக்கு மேஜை இருக்கும் ஆபீஸ் 2003-ஐ மாற்றுவதென்றால் ஆளுக்கொரு லைசென்ஸ் எடுக்க வேண்டும். செலவும் அதிகம், பூஜையும் கிடையாது. ஆகவே அதை அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளிவிடுங்கள். 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியே விண்டோஸ் எக்ஸ்பியோடு சேர்த்து ஆபீஸ் 2003-ஐயும் மைக்ரோசாஃப்ட் கைகழுவிவிட்டதே என்று யாராவது நினைவூட்டினால், "நல்லாத்தானே ஓடுது?" என்று திருப்பிக் கேளுங்கள். இதற்குப் பதில் சொல்லி ஜெயித்தவர் யாருமில்லை.

அதற்காக எல்லோரையும் பழசிலேயே வைத்திருக்கவும் கூடாது. எல்லோரும் ஒரே மாதிரி இருந்தால் வேலை நடந்துவிடும் அபாயம் உண்டு. மேனேஜர்களுக்கு மட்டும் ஆபீஸ் 2010 போட்டுக் கொடுங்கள். அவர்கள் அனுப்பும் டாக்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்புகள் கணக்குப் பிரிவின் 2003-இல் திறக்காது. திறக்க வைக்கும் கம்பேட்டிபிலிட்டி பேக்கை மைக்ரோசாஃப்ட் இலவசமாகத்தான் கொடுத்துக்கொண்டிருந்தது. 2018-இல் அதையும் தளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது யாருடைய பென்டிரைவிலாவது இருக்கும். அந்த ஆள் ரிட்டயர் ஆகியிருப்பார்.

பேக் கிடைத்துவிட்டாலும் மனம் தளர வேண்டாம். எக்செல் 2003-இன் தாளில் 65,536 வரிசைதான். 2007 முதல் வந்ததில் 10,48,576. எண்பதாயிரம் வரி ஓடும் ஸ்டாக் கணக்கை மேனேஜர் பழைய வடிவத்தில் சேமிக்கும்போது, மிச்ச வரிகள் போய்விடும் என்று எக்செல் ஒரு பெட்டியில் எச்சரிக்கும். நம் ஆட்கள் எந்தப் பெட்டியையும் படித்த வழக்கமில்லை, "தொடரவும்" பொத்தான் எங்கே என்றுதான் தேடுவார்கள். விடுபட்ட பதினாலாயிரத்துச் சொச்சம் வரிகளை ஆடிட்டர் வரும்வரை யாரும் தேட மாட்டார்கள்.

அடுத்து, கூட்டாக வேலை செய்யும் வசதியைக் கெடுப்பது. ஒரே வேர்டு கோப்பை நாலு பேர் ஒரே நேரத்தில் திருத்தலாம் என்று சொல்லித்தான் சர்வரையே விற்றிருப்பார்கள். அந்த வசதி வந்தது ஆபீஸ் 2010-உம் ஷேர்பாயின்ட் 2010-உம் ஜோடியாக வந்தபோது. கோப்பு டாக்எக்ஸாக இருக்க வேண்டும், திறப்பவர்கள் எல்லோரிடமும் புது வேர்டு இருக்க வேண்டும். 2003 வைத்திருக்கும் ஒருவர் உள்ளே நுழைந்தால் போதும், கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். மற்றவர்களுக்குப் படிக்க மட்டுமே அனுமதி. பிறகு சிஸ்டம் அட்மினுக்குப் போன் வரும்:

"தம்பி, ஃபைல் லாக் ஆகிக் கிடக்குப்பா. யாரு திறந்து வச்சிருக்கா?"

"உங்க பேர்தான் சார் காட்டுது."

இது பொய்யில்லை. வேர்டு நடுவில் செத்துப்போனால், அது போட்ட பூட்டு சர்வரில் பத்து நிமிடம்வரை அப்படியே தொங்கும். பத்து நிமிடம் டீ குடிக்கப் போனால் தானாக விலகிவிடும். போகாதீர்கள். உடனே வேறு பெயரில் சேமித்துவிடுங்கள்: "டெண்டர் புதுசு", "டெண்டர் புதுசு சரி", "டெண்டர் எம்.டி. பார்த்தது". எது உண்மையான டெண்டர் என்பதை மீட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம்.

இதைவிட உயர்ந்த கலை செக்-அவுட், அதாவது கோப்பை உங்கள் பெயரில் பூட்டி எடுத்துக்கொள்வது. அட்மினிடம் சொல்லி, எந்தக் கோப்பையும் செக்-அவுட் செய்தால்தான் திருத்தலாம் என்று விதி வைக்கச் சொல்லுங்கள். பிறகு முக்கியமான கோப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு லீவில் போய்விடுங்கள். கோப்பின் ஐகானில் குட்டியாகப் பச்சை அம்பு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அலுவலகமே அதைப் பார்த்துப் பெருமூச்சு விடும். அட்மின் வலுக்கட்டாயமாகப் பூட்டை உடைத்தால் உங்கள் திருத்தங்கள் போய்விடும், பழியும் அவர் தலையில். கைதேர்ந்தவர்கள் புதுக் கோப்பை ஏற்றிவிட்டு செக்-இன் செய்யாமலே விடுவார்கள். அது ஏற்றியவர் கண்ணுக்குத் தெரியும், மற்ற ஊழியர் யாருக்கும் தெரியாது. "நான் அப்பவே போட்டுட்டேனே" என்று அவர் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யலாம், அதுவும் உண்மைதான்.

ஃபோல்டருக்குள் ஃபோல்டர் போட மறக்க வேண்டாம். முழுப் பாதையும் 218 எழுத்தைத் தாண்டினால் எக்செல் மறுத்துவிடும். பெயர்களைத் தமிழில் வைத்தால் இன்னும் நல்லது. முகவரியில் ஒரு "க" மட்டுமே ஒன்பது குறியாக நீளும். மெயிலில் ஒட்டிய இணைப்பு பாதியில் உடைந்து நிற்கும்.

பழைய பாமினி எழுத்துருக் கோப்புகளை அப்படியே சர்வரில் ஏற்றுங்கள். அந்தக் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான், தமிழ் வேஷம் போடுவது எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் வேஷம் கலைந்துவிடும். "தீர்மானம்" என்று தேடினால் ஒரு தீர்மானமும் கிடைக்காது. தமிழக அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது என்பார்கள். அது அரசுக்கு.

சர்வரிலுள்ள கோப்பைத் திறக்கும்போது பாஸ்வேர்டு பெட்டி திரும்பத் திரும்ப வருவதற்கு நீங்கள் மெனக்கெட வேண்டியதில்லை. பழைய ஆபீஸே அதைப் பார்த்துக்கொள்ளும்.

ஒரே ஓர் ஆபத்து. எல்லா மேஜைக்கும் ஒரே பதிப்பைப் போடுங்கள், கோப்புகளை டாக்எக்ஸுக்கு மாற்றுங்கள், செக்-அவுட் விதியை எடுங்கள், பாமினியை யூனிகோடாக்குங்கள் என்று ஒரு பெண் மீட்டிங்கில் எழுந்து சொல்வார். கணக்குப் போட்டுத் தாளும் கொண்டுவந்திருப்பார். அவருக்கு உடனே பதவி உயர்வு கொடுத்து உள்ளூர்க் கிளை ஒன்றுக்கு மாற்றிவிடுங்கள். அங்கே ஓடுவது ஆபீஸ் 97. கம்பேட்டிபிலிட்டி பேக் 2000-க்குக் கீழே இறங்கியதே இல்லை.