ஆச்சரியக்குறியை 19ஆம் அத்தியாயத்தில் பார்ப்போம்

போன சனிக்கிழமை கொரியர் தம்பி ஒரு பொட்டலத்தை இரண்டு கையாலும் ஏந்தி வந்து வாசலில் இறக்கினார். "என்ன சார், டைல்ஸ் சாம்பிளா?" என்றார். புத்தகம் என்றேன். நம்பாத முகத்தோடு கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

ரஸ்ட் மொழியைக் கற்றுக்கொள்வதற்கான புத்தகம். "ரஸ்ட்டுன்னா துருதானே? துருவைப் பத்தி இவ்வளவு எழுதியிருக்காங்களா?" என்று வீட்டம்மா கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. இருபத்தைந்து வருஷமாக புரோகிராம் எழுதிப் பிழைக்கிறேன். புதிதாக ஒரு மொழி வந்தால் நான் முதலில் செய்வது அதில் நாலு வரி எழுதிப் பார்ப்பதல்ல, புத்தகம் தேடுவது. நீங்களும் அப்படித்தான், உங்கள் அலமாரியே சொல்லும். அறுபது சதவீதத் தள்ளுபடி என்று போட்டிருந்தார்கள். ஏன் அவ்வளவு தள்ளுபடி என்று யோசிக்கிற புத்தி அந்த நேரத்தில் வேலை செய்யவில்லை.

திங்கட்கிழமை ஆபீஸ் மேஜையில், எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தேன். பக்கத்து சீட்டுப் பையனுக்கு வயது 24. என் மகனைவிட மூன்று வயதுதான் மூத்தவன், என்னை 'ப்ரோ' என்றுதான் கூப்பிடுவான். உள்ளே சின்ன எழுத்தில் இருந்த வருஷத்தை மட்டும் பார்த்துவிட்டு, "2018ஆ? பழசு ப்ரோ" என்று மூடிவிட்டான். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. என் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, 'ரஸ்ட்அப் டாக்' என்று ஆரம்பித்து ஒரே ஒரு வரி தட்டினான். திரையில் ஒரு முழுப் புத்தகம் திறந்தது. ஸ்டீவ் கிளாப்னிக்கும் கரோல் நிக்கோல்ஸும் எழுதிய, மொழிக்காரர்களே தருகிற புத்தகம். இலவசம். இன்டர்நெட்கூட வேண்டாம். ரஸ்ட்டை என் கணினியில் போட்ட அன்றே அதுவும் கூடவே வந்து உள்ளே உட்கார்ந்திருக்கிறது. மூன்று வாரமாக நான் அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, அதன் ஒன்றுவிட்ட அண்ணனை ஆயிரத்துச் சொச்சம் கொடுத்து வரவழைத்திருக்கிறேன்.

"ஸ்க்ரீன்ல படிச்சா எனக்கு ஏறாதுப்பா" என்றேன். "ஓகே ப்ரோ" என்றான். அந்த 'ஓகே'வில் இருந்த கருணையைத்தான் தாங்க முடியவில்லை.

ஆகவே, எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று நாலு பேருக்கு உபயோகமாக எழுதிவிடுவது என்று உட்கார்ந்தேன். அதற்கு வருகிறேன். முதலில் இந்த வருஷ விவகாரத்தைத் தீர்த்துவிடலாம்.

ரஸ்ட்டில் 'எடிஷன்' என்று ஒரு சமாச்சாரம் உண்டு. அது புத்தகத்துக்கு அல்ல, மொழிக்கே. 2015, 2018, 2021, 2024 என்று இதுவரை நாலு. புத்தகத்துக்கும் தனியாக முதல் பதிப்பு, இரண்டாம் பதிப்பு என்று உண்டு. 2018இல் அச்சான புத்தகம் 2018 எடிஷனைச் சொல்லித்தரும் என்று நீங்கள் நினைத்தால் நீங்களும் என் கட்சி. மொழியின் 2018 எடிஷன் வந்தது அந்த வருஷம் டிசம்பரில். என் புத்தகம் அச்சுக்குப் போனது அதற்கு முன்னால். ஆக, 2018 புத்தகத்தில் இருப்பது 2015. வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதமா என்று கேட்டுக்கொண்டு சனிப்பெயர்ச்சிக்குத் தேதி பார்க்கிற வீட்டில் பிறந்தவன் நான். எனக்கே தலை சுற்றியது.

இது போதாதென்று ஆறு வாரத்துக்கு ஒருமுறை புது வெளியீடு வேறு. ஆறு வாரம் என்றால் 42 நாள். ஐயப்பனுக்கு மாலை போட்டு, 41 நாள் விரதம் இருந்து, மலையேறிக் கும்பிட்டுவிட்டு வந்தால், மறுநாள் புதுசு வந்து நிற்கும். இந்த வேகத்தில் ஓடுகிற ஒன்றைக் காகிதத்தில் அச்சடித்து, அட்டை போட்டு, லாரியில் ஏற்றுகிற பதிப்பாளர்களை நினைத்தால் கொஞ்சம் பாவமாகக்கூட இருக்கிறது. கொஞ்சம்தான்.

எங்கள் காலத்தில் சி மொழிக்கு ஒரே புத்தகம். கெர்னிகனும் ரிட்சியும் எழுதியது. முதல் பதிப்பு 1978, இரண்டாம் பதிப்பு 1988. 272 பக்கம். அவ்வளவுதான், மூன்றாம் பதிப்பு என்று ஒன்று வரவே இல்லை. அந்த மொழியை உருவாக்கிய ரிட்சி 2011இல் காலமாகிவிட்டார். புத்தகம் இன்னும் அச்சில் இருக்கிறது. 'ஹலோ வேர்ல்ட்' என்கிற சடங்கை உலகமெல்லாம் பரப்பியதும் அதுதான். கல்லூரியில் அதன் மலிவுப் பதிப்பு ஒன்று வைத்திருந்தேன், பஞ்சாங்கத் தாளில். 1999இல் ஒய்2கே வேலைக்காக நியூ ஜெர்சி போன நண்பனுக்கு இரவல் கொடுத்தேன்.

ரஸ்ட் மொழியின் மையமே இந்த இரவல்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது. இந்த மொழியில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே ஒரு சொந்தக்காரர். மற்றவர்கள் இரவல் வாங்கலாம். படிக்க மட்டும் என்றால் எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் வாங்கலாம். பேனாவால் கிறுக்க வேண்டும் என்றால் ஒரே ஒருவர்தான், அந்த நேரத்தில் வேறு யாரும் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. சொந்தக்காரர் போன பிறகு இரவல் செல்லாது. இதில் எதை மீறினாலும் கம்பைலர் புரோகிராமை ஓடவே விடாது. ஆனால் பொருளை இரவலாகக் கொடுக்காமல் அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டால் அதற்குப் பெயர் 'மூவ்'. சொந்தம் கைமாறிவிடும். அதற்கப்புறம் பழைய ஆள் அந்தப் பொருளைத் தொட்டால் பிழை எண் ஈ0382. நான் இரவல் என்று நினைத்துத்தான் கொடுத்தேன். அது மூவ் ஆகிவிட்டது. நண்பன் தீபாவளிக்குத் தவறாமல் வாழ்த்து அனுப்புகிறான். புத்தகத்தைப் பற்றி நான் கேட்டதில்லை. ஈ0382.

பாருங்கள், மேலே ஒரே பத்தியில் சொல்லிவிட்டேன். இதற்கு என் புத்தகம் எடுத்துக்கொள்வது நாற்பது பக்கம். சரி, எடுத்துக்கொள்ளட்டும். என் கோபம் அதில்லை. என் கோபம் ஆச்சரியக்குறியில்.

முதல் அத்தியாயம், முதல் புரோகிராம், முதல் கட்டளை. திரையில் ஒரு வரி எழுதச் சொல்வது. அந்தக் கட்டளைக்கு 'பிரின்ட்-எல்என்' என்று பெயர், அதன் வாலில் ஓர் ஆச்சரியக்குறி. எதற்கு? ஆச்சரியப்படும்படி இங்கே என்ன நடந்துவிட்டது? கேட்டால் புத்தகம் சொல்கிறது: அது மேக்ரோ என்பதற்கு அடையாளம், மேக்ரோக்களை 19ஆம் அத்தியாயத்தில் பார்ப்போம். 19! முதல் நாள் பள்ளிக்கூடத்தில் 'அ'வை எழுதிக் காட்டி, ஏன் டீச்சர் சுழிச்சிருக்கு என்று குழந்தை கேட்டால், அதை ப்ளஸ் டூவில் பார்க்கலாம் என்பதுபோல.

போகட்டும் என்று மேலே போனால், எழுத்துச்சரத்துக்கு இரண்டு வகை. ஏன் இரண்டு? 4ஆம் அத்தியாயத்தில் பார்ப்போம். 4இல் பாதியைச் சொல்லிவிட்டு, மீதி 8இல். 8இல் ஒரு சந்தேகம் வந்தால் அது 10இல். நம்பி 10க்குப் போனால், 'நாம் ஏற்கெனவே 4இல் பார்த்ததுபோல' என்று ஆரம்பிக்கிறது. எங்கே பார்த்தோம்? பார்ப்போம் என்றுதானே அய்யா சொன்னாய்? பட்டா மாறுதலுக்கு ஒரு தாலுகா ஆபீசுக்கு அலைந்தேன், எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். வி.ஏ.ஓ. கையெழுத்துக்கு ஆர்.ஐ. பார்க்க வேண்டும், ஆர்.ஐ. பார்க்க சர்வேயர் அளக்க வேண்டும், சர்வேயர் அளக்க வி.ஏ.ஓ. ஒரு கடிதம் தர வேண்டும். ஆனால் அங்கே மூன்றாம் நாள் ஒரு பியூன் மனமிரங்கி வழி சொன்னார். புத்தகத்தில் பியூன் இல்லை.

எங்கள் வீட்டில் 'சமைத்துப் பார்' இருக்கிறது. எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் எழுதியது. ரெஃபரன்ஸ் புத்தகம் என்றால் அது. நடுவில் திறந்தாலும் வேலை நடக்கும். அதை இந்தக் கணினிப் புத்தகக்காரர்கள் எழுதியிருந்தால் எப்படி இருக்கும் என்று ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்தேன். வத்தக்குழம்பு: கடாயை அடுப்பில் வைக்கவும். அடுப்பு என்றால் என்ன என்பதை 12ஆம் அத்தியாயத்தில் விரிவாகப் பார்ப்போம். எண்ணெய் விட்டுக் கடுகு போடவும். கடுகு வெடிக்கும், ஏன் வெடிக்கிறது என்று இப்போதைக்குக் கவலைப்பட வேண்டாம். பெருங்காயம் தேர்ச்சி பெற்றவர்களுக்கான விஷயம், முதல் வாசிப்பில் விட்டுவிடலாம். புளி எங்கிருந்து வந்தது என்பது வாசகர்களுக்கான பயிற்சி. குழம்பு கருகினால் மூன்றாம் அத்தியாயத்தை மறுபடி படிக்கவும். உப்பு இந்தப் புத்தகத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

மகன் சிரித்தான். சிரிப்பு வந்ததால் நிறுத்த முடியவில்லை. கல்யாணப் பத்திரிகை: நிகழும் மங்களகரமான வருடம், நாள், முகூர்த்தம் எல்லாம் பார்த்தோம், மணமகன் யார் என்பதை வளைகாப்புப் பத்திரிகையில் பார்ப்போம். பல் டாக்டர்: இப்போதைக்கு வாயைத் திறந்து வையுங்கள், எந்தப் பல் என்பதைப் பிறகு சொல்கிறேன். டவுன் பஸ் கண்டக்டர்: ஏறுங்க, ஏறுங்க, எங்கே போகுதுங்கிறது கடைசி ஸ்டாப்ல. ரேஷன் கடை... "ரசம் ஆறுது" என்றாள் மனைவி. ரேஷன் கடையை மட்டும் சொல்லிவிடுகிறேன் என்றேன். அதற்குள் இருவரும் தட்டோடு எழுந்து போய்விட்டார்கள். ரேஷன் கடை நன்றாக இருந்திருக்கும்.

எங்கே விட்டேன்? வாங்குவது. திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையில் பழைய புத்தகக் கடைகளை மேய்ந்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். அங்கே கிடக்கிற கணினிப் புத்தகங்களில் எதை எடுத்துப் புரட்டினாலும் முதல் அத்தியாயத்தில் மஞ்சள் மார்க்கர், இரண்டாவதில் பென்சில் அடிக்கோடு, மூன்றாவதில் ஓரமாக ஒரு கேள்விக்குறி. அதற்கப்புறம் 600 பக்கம் பால்போல வெள்ளை. ஜாவா, விஷுவல் பேசிக், 21 நாளில் அது, 24 மணி நேரத்தில் இது, எல்லாம் ஒன்றுதான். அந்த மூன்றாம் அத்தியாயத்தில் அப்படி என்னதான் நடக்கிறது என்று யாராவது பிஎச்.டி. செய்யலாம்.

அந்தக் கூட்டத்தில் நான் சேரக் கூடாது என்று வைராக்கியமாக, அந்தப் பையன் போன பிறகும் என் புத்தகத்தை வைத்தே உட்கார்ந்தேன். கணினி 1 முதல் 100க்குள் ஓர் எண்ணை நினைத்துக்கொள்ளும், நாம் ஊகிக்க வேண்டும். சின்னப் பிள்ளை விளையாட்டு. எண்ணைக் குலுக்கிப் போட 'ராண்ட்' என்று ஒரு லைப்ரரி. புத்தகம் அதன் பழைய பதிப்பு எண்ணைத் தெளிவாகக் கொடுத்திருந்தது. அப்படியே போட்டிருந்தால் ஓடியிருக்கும். நான்தான் இருபத்தைந்து வருஷ அனுபவசாலி ஆயிற்றே, எதற்குப் பழசு என்று புதுசைப் போட்டேன். புத்தகத்தில் இருந்தபடி 1, கமா, 101 என்று எழுதினேன். கேட்பது ஒன்று, கொடுத்தது இரண்டு என்றது கம்பைலர். இப்போதெல்லாம் ஒன்றையும் நூறையும் புள்ளியால் கோத்து ஒரே சங்கிலியாகக் கொடுக்க வேண்டுமாம். அது போதாதென்று, நீ கூப்பிடுகிற பெயரே வழக்கொழிந்துவிட்டது என்று எச்சரிக்கை. காரணம் தேடினால், 2024 எடிஷனில் 'ஜென்' என்ற சொல்லை மொழி தனக்கென்று எடுத்துக்கொண்டுவிட்டதால் லைப்ரரிக்காரர்கள் அந்த வரிசைப் பெயர்களையே மாற்றிவிட்டார்கள். விளையாட்டு ஓட இரவு பதினொன்றரை ஆயிற்று. கணினி நினைத்தது 43. ஏழாவது முறை சரியாகச் சொன்னேன். கைதட்ட ஆளில்லை.

"ஏஐகிட்ட கேட்டா அஞ்சு நிமிஷம்பா" என்றான் மகன். கேட்டேன். கேட்டதற்குப் பதில் சொன்னது, கேட்காததற்கும் சொன்னது, ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் என் கேள்வியைப் பாராட்டியது. இருபத்தைந்து வருஷத்தில் எந்த மேனேஜரும் என் கேள்வியைப் பாராட்டியதில்லை. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை.

இந்த மொழியே ஒரு கடுப்பில் பிறந்தது என்று சொல்கிறார்கள். 2006இல் வான்கூவரில், இதை உருவாக்கிய கிரேடன் ஹோர் தன் வீட்டுக்கு வந்தபோது லிஃப்ட் ஓடவில்லை, அதன் சாஃப்ட்வேர் படுத்துவிட்டது. 21ஆம் மாடிக்கு நடந்தே ஏறினார். ஏறும்போது வந்த கோபம்தான் ரஸ்ட். நானும் போன வாரம் முழுக்க அப்படித்தான் ஏறிக்கொண்டிருந்தேன், எனக்கு மூச்சிரைப்பைத் தவிர ஒன்றும் பிறக்கவில்லை. புதன்கிழமை ராத்திரி வேறொரு புத்தகத்துக்கு ஆர்டர் போட்டுவிட்டேன். இரண்டாம் பதிப்பு. இந்த முறை வருஷத்தைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

ஆகவே ஒரு விண்ணப்பம். ரஸ்ட் புத்தகம் ஒன்று, 2018இல் அச்சானது, பாதி விலைக்குக் கிடைக்கும். முதல் அத்தியாயத்தில் மஞ்சள் மார்க்கர் இருக்கிறது. இரண்டாவதில் ரசக்கறை. மூன்றாம் அத்தியாயத்துக்கு மேல் புத்தம் புதுசு.